இவோன் பெயரில் ஒரு தடம்

ராத்திரி பதினொன்றரை மணி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எல் பினாரின் பைன் மரங்களுக்கு நடுவே கடலைப் பார்த்துப் போகிற மணல் தெரு. ஜூலை மாதம், நம் ஊரில் நடுக்குளிர். கோடைக்கு வந்து தங்குகிறவர்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு போய் மாதக்கணக்காகிவிட்டது. ஒரு தெருவிளக்கு எரியும், அடுத்தது எரியாது. அந்தத் தெருவில் அனாயி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள்...

இருங்கள், இருங்கள். முதலில் எண்ணெயில் பொரித்த தோர்த்தா ஃப்ரீத்தா ரொட்டியை ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறினால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும், அப்புறம் என் கையைக் குறை சொல்வீர்கள். சாந்தா ரோசா புயல் அடித்து இந்தக் கரையோரம் கரண்ட் போகாமல் இருந்ததுண்டா? இனி விடிந்தால்தான் வரும். அடுப்புக்கு இன்னொரு கட்டையைப் போட்டுவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது எங்கேயோ யாருக்கோ நடந்தது அல்ல. என் நாத்தனார் மாபெல் வேலை பார்க்கிற கம்பெனியில், அவளுக்குப் பக்கத்து மேசைக்காரிக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அனாயிக்கு அன்றைக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. என்ன வேலை என்று சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். மான்டெவிடியோவில் அது ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. இப்போது எல்லா இடத்திலும் போல அங்கேயும் ப்ரோக்ராம் எழுதுகிற வேலையில் பாதியை ஒரு ஏஐ செய்கிறது. அதைக் கம்பெனியில் எல்லோரும் பொடியன் என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் கேட்டால் பொடியன் எழுதுவான், கோப்புகளைத் திறப்பான், கட்டளைகளை ஓட்டுவான். பெரிய காரியம் எதையாவது செய்வதற்கு முன்னால் மட்டும் நின்று, "தொடரலாமா?" என்று கேட்பான். என்டர் தட்டினால் ஆமென்று அர்த்தம். நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பானா, இவர்களும் படிக்காமல் என்டரைத் தட்டித் தட்டிப் பழகிவிட்டார்கள். கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் தட்டிவிடும்.

அப்படித்தான் ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவரின் டேட்டாபேஸ் முழுக்க வழித்துத் துடைக்கப்பட்டுவிட்டது. பொடியன்தான் துடைத்தான். யார் சொல்லி? "நான் இல்ல." "நானும் இல்ல." "நான் அன்னைக்கு பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன்." முதலாளி வாஷிங்டன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேர்தான் வாஷிங்டன், ஆள் நம் உள்நாட்டுப் பாய்சாண்டு ஊர்க்காரர்.

"இனிமே பொடியன்கிட்ட எவன் எப்ப வாயைத் திறந்தாலும் தடம் இருக்கணும். யார் பேசினது, அவன் என்ன செஞ்சான், யார் அனுமதி குடுத்தது, எல்லாம். அனாயி, நீ பாத்துக்கோ" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மனுஷன் விடவில்லை. "இவோன் இருந்திருந்தா இதை ஒரு மத்தியானத்துல முடிச்சிருப்பா, பாவம்."

அனாயிக்கு வயிறு எரிந்தது. புதிதாக எரியவில்லை. இரண்டு வருஷமாக எரிந்துகொண்டிருந்த வயிறுதான்.

இவோன் யார் என்று கேட்கிறீர்களா? அனாயி உட்கார்ந்திருந்த மேசை இவோனுடையது. அனாயி பார்த்த வேலை இவோன் விட்டுப்போனது. அனாயி குடியிருந்த வீடு இவோன் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அனாயியின் புருஷன் ஏபெர்... அவனும் முதலில் இவோனுடைய புருஷன். இவோன் அந்த வீட்டின் பின்னறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, நாற்காலியிலேயே சாய்ந்து போய்விட்டாள். கம்பெனியில் மூன்று நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏபெர் ஒரு வருஷம் தாடி வளர்த்தான். அதற்கப்புறம்தான் அனாயி வந்தாள். கல்யாணமும் ஆயிற்று.

நல்லவன்தான் ஏபெர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார். சண்டை தெரியாது, குடி தெரியாது. அனாயியை ஆசையாக "ஒல்லி" என்று கூப்பிடுவான். அனாயி நல்ல பூசின உடம்புக்காரி. முதலில் அவளுக்கு அது சிரிப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு வருஷக் கடைசி விருந்தில் வாஷிங்டன் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும், "ஏபெர் எங்க இவோனை வாய்க்கு வாய் ஒல்லி ஒல்லின்னு கூப்பிடுவான், ஞாபகம் இருக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று முதல் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அனாயிக்கு உடம்பில் ஊசி இறங்கும். வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எல்லாவற்றையும் விட அவளுக்கு ஆகாதது பின்னறை லாப்டாப்தான். இவோன் சாய்ந்த அன்று எப்படித் திறந்திருந்ததோ அப்படியே இருந்தது. ஒயரைப் பிடுங்கவில்லை, மூடவில்லை. கம்பெனியும் திருப்பிக் கேட்கவில்லை. ஏபெர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அதைத் தூசி தட்டுவான். கரண்ட் போனால் முதலில் அந்த அறைக்குத்தான் ஓடுவான், பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்க. கட்டிக்கொண்டவள் இருட்டில் கால் இடறி நிற்பாள்.

சரி. அனாயி தடம் வைக்கிற வேலையைச் சுத்தமாகத்தான் செய்தாள். கம்பெனிப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு லாப்டாப்புக்கும் ஒரு சின்ன அமைப்பை அனுப்பிவிட்டாள். அதற்குப்பிறகு யார் பொடியனிடம் பேசினாலும் அவள் திரையில் ஒரு பட்டை விழும். இடப்பக்கம் பெயர். பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு பேச்சு. அதற்குக் கீழே பொடியன் செய்த காரியங்கள், கொடுத்த அனுமதிகள். பேசிய வார்த்தை மட்டும் பதிவாகாது. அதற்கென்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. அதை எல்லோருக்கும் அணைத்தே வைத்திருந்தாள். கூட்டத்தில் எழுந்து நின்று வாக்கே கொடுத்தாள்.

"என்ன பேசினீங்கன்னு எனக்குத் தெரியாது. எவ்ளோ பேசினீங்கன்னு மட்டும்தான் தெரியும். காதலிக்குப் பொடியனை விட்டுக் கவிதை எழுதினாலும் நான் படிக்க மாட்டேன், பயப்படாதீங்க."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். பட்டியலில் இவோனின் பெயரை யாரும் எடுக்கவில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அனாயிக்கும்தான்.

அந்த ராத்திரிதான் அவள் அந்த மணல் தெருவில் வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தி விளக்கை அணைத்தாள். பைன் மரங்களில் காற்று... அதற்குப் பின்னால் கடல். பின்னறை ஜன்னலில் வெளிச்சம். விளக்கு வெளிச்சம் இல்லை, வெளிறிப்போன நீல வெளிச்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது.

கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஆரஞ்சுத் தோல் கருகுகிற வாசனை. அடுப்பு அணைந்து கிடந்தது. அதன்மேல் தோல் எதுவும் இல்லை. பின்னறைக்குப் போனாள். நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது. லாப்டாப்பைத் தொட்டுப் பார்த்தாள்... சூடு. படுக்கையறையில் ஏபெர் போர்வைக்குள் கொறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

'ஓடிப் போய்ப் படுத்துக்கிட்டு நடிக்கிறான்' என்று நினைத்தாள். மாபெலிடம் அவளே சொன்னது இது. பயமே வரவில்லையாம். அழுகைதான் வந்ததாம்.

மறுநாள் காலையில் திரையைத் திறந்தால் எல்லோருடைய பெயருக்கும் கீழே, தனியாக, இவோன். ராத்திரி பூராவும் பட்டை பட்டையாக. ஒவ்வொன்றும் இவ்வளவு நீளம்.

"மாபெல், இங்க வா. இதைப் பாரு. என் புருஷன் செத்தவளோட பேர்ல உக்காந்து மெஷின்கிட்ட கொஞ்சிட்டிருக்கான்."

மாபெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏய், இவ்ளோ நீளப் பேச்சு ஒரே மூச்சுல வந்திருக்குடி. உன் ஆளு ஒத்த விரலால தட்டறவன். கடைக்குச் சாமான் லிஸ்ட் அனுப்பவே அரை மணி நேரம் ஆகும்னு நீதானே சொல்வே?"

"ஆசை இருந்தா பத்து விரலும் வரும்."

அப்படிச் சொல்லிவிட்டு அனாயி ஒரு காரியம் செய்தாள். இவோன் பெயருக்கு மட்டும் அந்தச் சுவிட்சைப் போட்டாள். வார்த்தை பதிவாகிற சுவிட்ச். மாபெல் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ வாக்குக் குடுத்திருக்கே. வாஷிங்டனுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

"போகட்டும். எனக்கு வேலை பெருசில்ல. அந்த வீட்ல எனக்கு இடம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு படித்தார்கள். பொடியன் சொன்ன பதில் பதிவாகவில்லை. கேட்டவளின் பேச்சு மட்டும் இருந்தது.

"ஏபெருக்கு இருமல் இன்னும் விடல. அவ கவனிக்கறதே இல்ல."

"என் பக்கம்தான் படுக்கறா. சுவர்ப் பக்கம்."

"என் நீலக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டிருக்கா. தோள்ல இறுக்குது அவளுக்கு. கிழிச்சுடுவா."

அனாயியின் முகம் சிவந்து வெளுத்தது. அந்த நீலச் சட்டையை அவள் பெட்டியிலிருந்து வேண்டுமென்றேதான் எடுத்துப் போட்டிருந்தாள். ஏபெர் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதவன் இங்கே வந்து எழுதியிருக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலமே வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பின்னறையில என்ன பண்றே?"

"பின்னறையிலயா? தூங்கறேன். அதாவது, இங்க தூங்கறேன். என்ன கேள்வி இது, ஒல்லி?"

"அப்படிக் கூப்பிடாதே! நான் குண்டு. சட்டை கிழிஞ்சிடும். உன் மெஷின்கிட்ட சொன்னேல்ல, எங்கிட்டயும் சொல்லு. நீலச் சட்டை எனக்கு இறுக்குதுன்னு சொல்லு."

"எந்த நீலச் சட்டை?"

கேட்டானே ஒரு கேள்வி! புருஷன்மார்களுக்கே உரிய கேள்வி. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வாரம் முழுக்க எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். சட்டை எந்த நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபமும் துக்கமும் ஒன்றாக வந்தன.

"அப்போ யாரு எழுதறது?"

ஏபெர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "நான் அதோட ஒரு பட்டனைக்கூடத் தொட்டதில்ல. தூசி மட்டும்தான் துடைக்கறேன். அன்னைக்கு நான் வந்து பார்த்தப்போ அவ சாஞ்சு கிடந்தா. ஸ்கிரீன்ல 'தொடரலாமா?'ன்னு ஒரு கேள்வி நின்னுட்டிருந்துச்சு. பதில் சொல்ல அவ இல்ல. நான் என்ன பதில் சொல்றது? அப்படியே விட்டுட்டேன்."

"மூடிடு. இன்னைக்கே மூடிடு."

"முடியாது, அனா."

"அதுவா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவன் எழுந்து அடுப்புச் சாம்பலைக் கிளறினான். அவள் காத்திருந்து காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

அந்த ராத்திரி நடந்தது மாபெலின் ஃபோனில் இருக்கிறது. நம் ஆட்களுக்குத்தான் எழுதுவதற்குச் சோம்பல், எதற்கெடுத்தாலும் வாய்ஸ் மெசேஜ். அனாயி படுக்கையில் படுத்தபடி, வாயருகே ஃபோனை வைத்துக் கிசுகிசுவென்று மாபெலுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைதான் கேட்டேன்.

"ஏபெர் தூங்கறான். அவன் கையை என் கையால பிடிச்சிட்டிருக்கேன். எழுந்தா எனக்குத் தெரிஞ்சிடும். இன்னொரு கையில தடத்தைத் திறந்து வெச்சிருக்கேன்."

அடுத்ததில் நெடுநேரம் காற்றுச் சத்தம். நடுவில் ஏபெரின் கொறட்டை. அப்புறம் தூரத்தில்... டக், டக், டக்... டொம். இவோன் ஸ்பேஸ் பட்டனை இடது கட்டைவிரலால் குத்துகிற மாதிரி தட்டுவாளாம். கம்பெனியில் மூன்று மேசை தள்ளிக் கேட்குமாம். மாபெல் அதைக் கேட்டதும் ஃபோனைக் கீழே போட்டுவிட்டாள்.

"மாபெல்... வரி விழுது. ஏபெர் கை என் கையிலதான் இருக்கு. வரி விழுது." மூச்சு வாங்குகிறது. "படிக்கறேன், கேளு. 'அவ முழிச்சிட்டிருக்கா'ன்னு போட்டிருக்கு. 'அவனோட கையைப் பிடிச்சிட்டிருக்கா.' ... 'விடச் சொல்லு.'"

ஆரஞ்சுத் தோல் கருகுகிற நாற்றம் அறைக்குள்ளேயே வந்துவிட்டது என்றாள்.

நானாக இருந்தால் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடியிருப்பேன். நீங்களும்தான். பயந்தவர்கள் ஓடுவார்கள். அவளுக்கு வந்தது பயம் இல்லை. 'விடச் சொல்லு' என்ற அந்த ஒரு சொல் அவளை எழுப்பி உட்கார வைத்துவிட்டது. யார் புருஷன் கையை யார் விடுவது?

கட்டிலிலிருந்து இறங்கினாள். மரத் தரை முனகுகிறது. பின்னறைக் கதவு. உள்ளே யாரும் இல்லை என்று கிசுகிசுத்தாள். நாற்காலி பின்னால் தள்ளியிருக்கிறது என்றாள். உட்கார்ந்தாள். "சூடா இருக்கு மாபெல், யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. ஃபோன் மட்டும் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் என்ன தட்டினாள் என்பது தடத்தில் இருந்தது. மறுநாள் மாபெல் பார்த்தாள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது யாருடைய லாப்டாப்? அதில் யார் எழுதினாலும் தடத்தில் என்ன பெயர் விழும்? உட்கார்ந்திருக்கிற ஆளைத் தடத்துக்குத் தெரியாது. கணக்கைத்தான் தெரியும். அதனால் அனாயி உயிரைக் கொடுத்துக் கத்தியது இப்படித்தான் பதிவாகியிருந்தது.

இவோன்: "நீ செத்துட்ட."

இவோன்: "இது என் வீடு. ஏபெர் என் புருஷன்."

இவோன்: "உனக்கு இங்க இடம் இல்ல. வெளிய போ."

அதற்குக் கீழே பொடியனின் பழைய கேள்வி திரும்பவும் வந்து நின்றிருக்கிறது. இவோன் சாய்ந்த நாளிலிருந்து பதிலுக்காக நின்றிருந்த அதே கேள்வி. தொடரலாமா? அனாயி அதைப் படித்திருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள். படித்தால்தானே! கோபத்தில் கண் மறைத்திருந்தது. விரல் பழகிய பழக்கம். என்டர்.

தடத்தில் இருந்தது: அனுமதி, ஆம். தந்தவர், இவோன்.

வாய்ஸ் மெசேஜில் அந்த என்டர் கேட்கிறது. ஒரே ஒரு தட்டல். அப்புறம் பைன் மரக் காற்றுகூட நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி நகர்கிறது. மரத் தரையில் காலடி... மெல்லிய காலடி, தரை முனகவில்லை. கட்டில் கிறீச்சிடுகிறது. எங்கேயோ தள்ளி ஏபெரின் தூக்கக் குரல்.

"வந்துட்டியா, ஒல்லி?"

அதற்குப் பதிலாக ஒரு சிரிப்பு. சின்னச் சிரிப்புதான். மாபெல் சத்தியம் செய்கிறாள், அது அனாயியின் சிரிப்பு இல்லை.

மறுநாள் மாபெல் ஆபீசுக்கு ஓடினாள். அனாயி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். நீலக் கம்பளிச் சட்டை. தோளில் எங்கேயும் இறுக்கவில்லை. அதே முகம், அதே பூசின கன்னம். ஆனால் சட்டை அளவெடுத்துப் பின்னினது போல உட்கார்ந்திருந்தது.

"ராத்திரி என்னடி ஆச்சு? அந்த ஆடியோ..."

"என்ன ஆடியோ? தூக்கக் கலக்கத்துல ஏதோ உளறியிருப்பேன். எல்லாம் சரியாயிடுச்சு மாபெல். ஏபெரே அந்த லாப்டாப்போட ஒயரைப் பிடுங்கிட்டான். பெட்டியில போட்டுக் கட்டி மேல வெச்சாச்சு."

சொல்லிக்கொண்டே மாத்தே இலைத் தேநீர் ஊற்றி நீட்டினாள். மாபெல் ஒரு வாய் உறிஞ்சினாள். கருகின ஆரஞ்சுத் தோல் கலந்திருந்தது. இவோன்தான் மாத்தேயில் அப்படிச் சுட்டுப் போடுவாள். அனாயிக்கு ஆரஞ்சு ஆகாது, தொட்டாலே உதடு வீங்கும். மாபெல் குவளையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றாள். போதும், இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அன்றிலிருந்து இன்று வரை அவள் கையால் மாபெல் குடிக்கவில்லை.

வேலை மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது இப்போது. டக், டக், டக்... டொம். வாஷிங்டனுக்கு வாயெல்லாம் பல். "இப்பத்தான் ஆபீஸ் பழையபடி இருக்கு!" ஏபெர் ஒரு கிலோ கூடிவிட்டான், இருமலும் நின்றுவிட்டது. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரு காலையில் மாபெல் சீக்கிரம் வந்தாள். அவள் இன்னும் வரவில்லை. அவளுடைய திரையில் தடம் திறந்தே கிடந்தது. மாபெல் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள்... பார்த்துவிட்டாள். எல்லோருடைய பெயருக்கும் கீழே, தனியாக, இவோன். ஒயர் பிடுங்கிப் பெட்டியில் கட்டிப்போட்ட லாப்டாப். ராத்திரி பூராவும் பட்டை. சுவிட்ச் இன்னும் அணைக்கப்படவில்லை, வார்த்தை வார்த்தையாகத் தெரிந்தது.

இவோன்: "ஏபெர், நான் அனாயி."

இவோன்: "உன் பக்கத்துல படுத்திருக்கறது நான் இல்ல. நான் இங்க இருக்கேன். இங்க இருட்டா இருக்கு."

இவோன்: "அவ தலைமாட்டுல கை வைக்காதே. அது என் இடம்."

இவோன்: "மாபெல், நீ மட்டும்தான் இதைப் படிப்பே. மாபெல். மாபெல். மாபெல்."

முதுகுக்குப் பின்னால் கருகின ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. மாபெல் திரும்பவில்லை. அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நீலக் கம்பளிக் கை.

"ச்சே... தப்பு மாபெல்" என்றது குரல், ரொம்ப இதமாக. "அடுத்தவங்க பேச்சைப் படிக்கலாமா? நான் எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்கேனே."

இடது கட்டைவிரலால் சுவிட்சை அணைத்தாள். திரையிலிருந்து வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. நீளம் மட்டும் நின்றது.

மாபெல் எப்படியோ வாயைத் திறந்து, "பட்டியல்லேர்ந்து அந்தப் பேரையே எடுத்துடலாமே" என்றாள்.

"எதுக்கு? இருக்கட்டும்." அவள் பட்டையை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தாள். "நானும் அவ்வளவு நாள் பார்த்துட்டுத்தானே இருந்தேன். அவளும் பார்க்கட்டும்."

அதற்கப்புறம் மாபெல் வேறு மேசைக்கு மாறிக்கொண்டாள். ஆனாலும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏபெர் வீட்டில் விளக்கு அணைகிற நேரத்துக்குப் பட்டை ஆரம்பிக்கும். விடிகிற வரைக்கும் நீளும். என்ன பேச்சு என்று யாருக்கும் தெரியாது. எவ்வளவு பேச்சு என்று மட்டும்தான் தெரியும்.

அவ்வளவுதான் கதை. இனி யார் சிரிக்கிறீர்கள்?

கட்டையைத் தள்ளிவிடுங்கள், அடுப்பு தணிகிறது. புயல் அடித்ததிலிருந்து எல் பினார் முழுக்கக் கரண்ட் இல்லை, அந்த ஊர் ஃபோன் கோபுரமும் விழுந்துவிட்டதாம், ஏபெர் வீட்டுத் தெருவில் ஒரு விளக்குகூட இல்லையாம். மாபெல் மான்டெவிடியோவில் இருக்கிறாள், அங்கே கரண்ட் இருக்கிறது. இதோ, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து வந்திருக்கிறது. தடத்தில் இவோன் பெயரைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள். பாருங்கள், நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்... பட்டை முடிகிற இடம் வரவே மாட்டேன் என்கிறது.